படிக்கட்டு மாமா

கணுக்கால் உடைந்ததில்கூட கண்டக்டரம்மாவுக்கு அவ்வளவு வருத்தமில்லை. அது உடைந்த நேரம் இருக்கிறதே, அதுதான் மகா மோசம். பஸ்ஸிலிருந்து இறங்கும்போது கால் பிசகி, ஆறு வாரம் அசையக் கூடாது என்று டாக்டர் கட்டுப் போட்டுவிட்ட அதே வாரத்தில், டிப்போவின் கட்டுப்பாட்டு அறைக்கு ஆள் எடுப்பதாக அறிவிப்பு வந்தது. அறுபது பஸ்களையும் ஒரே திரையில் பார்த்து, எது எங்கே போக வேண்டும் என்று சொல்கிற வேலை. அதற்கு இரண்டு தடவை போய், இரண்டு தடவையும் மண்ணைக் கவ்வியிருந்தாள். மூன்று முறைக்கு மேல் யாரும் விண்ணப்பிக்க முடியாது. மிச்சமிருப்பது ஒரே வாய்ப்பு, கடைசி நாள் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி.

போன தடவை நேர்முகத்தில், “நடுவழியில ஒரு பஸ் நின்னுட்டா என்ன செய்வீங்க?” என்று கேட்டார்கள். “இறங்கித் தள்ளுவேன் சார்” என்றாள். மூன்று அதிகாரிகளும் கீழே விழுந்த பேனாவைத் தேடுவதுபோல மேஜைக்கு அடியில் குனிந்து சிரித்தார்கள். சரி, போகட்டும் என்று அதை விழுங்கியிருக்கலாம். வீட்டில் வந்து சொன்னாள் பாருங்கள், அங்கேதான் தப்புப் பண்ணினாள்.

அவளுடைய நாத்தனார் ஒரு பல் டாக்டரிடம் உதவியாளராக இருக்கிறாள். பகலெல்லாம் வாயைத் திறந்தபடி பேச முடியாமல் கிடப்பவர்களோடு பொழுது போகிறது. வாய் பேசுகிற ஆள் கிடைத்தால் விடுவாளா? “அண்ணிக்கு முதல்ல கால் போயிடும், மூளை அடுத்த பஸ்ல வரும்” என்று போட்டு உடைத்துவிட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். கண்டக்டரம்மாவும் சிரித்து வைத்தாள். ஆனால் மனசுக்குள் சுருக்கென்று தைத்தது, ஏனென்றால் அவளுக்கே அந்தச் சந்தேகம் இருந்தது.

பேசியது பேசிவிட்டாலும் நாத்தனார் நல்லவள்தான். கால் உடைந்த மறுநாளே தன்னுடைய வீடியோ கேம் பெட்டியைக் கொண்டுவந்து டிவியில் மாட்டினாள்.

“சுடற கேமா? எனக்கு வேணாம்மா.”

“சுடறதெல்லாம் இல்ல அண்ணி. கட்டம் கட்டமா நிலம் இருக்கும். உங்களுக்கு எட்டு வீரர்கள். ஒவ்வொருத்தரா நகர்த்திட்டு ‘முடிந்தது’ன்னு அழுத்துங்க, அதோட உங்க ஒரு முறை முடியும், அப்புறம் எதிரி நகருவான். நீங்க அழுத்தற வரைக்கும் எதிரி அசைய மாட்டான். எவ்வளவு நேரம் வேணா யோசிக்கலாம். ஆனா ஒண்ணு, செத்தவன் செத்தவன்தான். அந்தச் சண்டைய மறுபடி முதல்லேருந்து ஆடினாதான் திரும்பி வருவான்.”

வீரர்களுக்குப் பெயர் வைக்கச் சொன்னது பெட்டி. கண்டக்டரம்மா தன் பஸ்ஸில் தினம் வருகிற ஆட்களையே வைத்தாள். வில்லாளிக்கு ‘ஜன்னல் சீட்’. காயத்துக்கு மருந்து போடுகிறவளுக்குக் ‘குடைக்காரி’. பெரிய கேடயத்தோடு, நகரவே அழுகிற குண்டு வீரன் ஒருவன் இருந்தான். அவனுக்கு யோசிக்காமல் ‘படிக்கட்டு மாமா’ என்று வைத்தாள். பதினோரு வருஷமாக அவளுடைய பஸ் படிக்கட்டில் நின்றுகொண்டு, ஏறவும் விடாமல் இறங்கவும் விடாமல் உயிரை வாங்குகிற மனுஷர் அவர்.

ஆரம்பித்தாள் ஐயா ஆட்டத்தை! முதல் முறையிலேயே எட்டுப் பேரையும் முன்னால் தள்ளினாள். “முன்னாடி போங்க, முன்னாடி போங்க, உள்ள இடம் இருக்கு” என்று வாய் தானாகச் சொன்னது. இடம் இருந்தது, வாஸ்தவம்தான். அந்த இடத்தைச் சுற்றி எதிரிகளும் இருந்தார்கள். மூன்றாவது முறைக்குள் ஐந்து பேர் காலி.

“ஜன்னல் சீட் செத்துட்டாருங்க!” என்று அவள் அலறியதில், வெல்டிங் பட்டறைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த கணவர் ஒற்றைச் செருப்போடு ஓடிவந்தார்.

“ஐயையோ, எப்ப எடுக்கறாங்க?”

விஷயம் தெரிந்ததும் தலையில் அடித்துக்கொண்டார். “ஏற்கெனவே ஒரு கால்கட்டு போட்டேன், அடங்கல. டாக்டர் ரெண்டாவது கட்டுப் போட்டும் அடங்கலயே!” என்று சொல்லிக்கொண்டே போனார்.

நாத்தனார்தான் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாள். “ஆள நகர்த்தறதுக்கு முன்னாடி நிலத்தப் பாருங்க அண்ணி. காடு இருந்தா ஒளியலாம், மேடு இருந்தா வில்லாளிய ஏத்தலாம். எதிரி எவ்வளவு தூரம் வருவான்னு சிவப்பா காட்டுது பாருங்க, அந்தச் சிவப்புல போய் நிக்காதீங்க. ‘காத்திரு’ன்னு ஒரு பொத்தான் இருக்கே, அத ஒரு தடவையாவது தொட்டீங்களா?”

“சும்மா நிக்கறதுக்கு எதுக்குடி ஒரு பொத்தான்?”

நாத்தனார் அண்ணியை ஏற இறங்கப் பார்த்தாள். அந்தப் பார்வையே போதுமானதாக இருந்தது.

கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிபட்டு, நான்கு சண்டைகளைத் தாண்டினாள். ஐந்தாவது ஒரு பாழுங்கோட்டையில். இருபது எதிரிகளிடமிருந்து பத்து முறை தாக்குப்பிடிக்க வேண்டும். எட்டுப் பேரும் உயிரோடு இதைத் தாண்டினால் விண்ணப்பத்தை அனுப்புவது, இல்லையென்றால் இந்த ஜென்மத்துக்கு டிக்கெட் கிழிப்பதுதான் என்று கண்டக்டரம்மா யாரிடமும் சொல்லாமல் தனக்குத்தானே ஒரு முடிவு எடுத்துக்கொண்டாள். வியாழக்கிழமை நான்கு தடவை தோற்றாள். எட்டுப் பேரைக் காப்பாற்ற வக்கில்லை, இவளுக்கு அறுபது பஸ்ஸா என்று தன்னையே திட்டிக்கொண்டு, சாப்பிடப் பிடிக்காமல் படுத்தாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மூன்று மணி. வீட்டில் யாரும் இல்லை. பெட்டியைப் போட்டவள், கையை மடியில் வைத்துக்கொண்டாள். எந்தப் பொத்தானையும் தொடவில்லை. கோட்டையை மட்டும் பார்த்தாள். மதில் சுற்றிலும் உயரம். உள்ளே வர ஒரே ஒரு வாசல். வாசலின் அகலம் ஒரே ஒரு கட்டம். அதற்கு முன்னால் மூன்று படிகள்.

“அடப்பாவி மனுஷா!” என்றாள் சத்தமாக.

பதினோரு வருஷமாகத் தொண்டை கிழியக் கத்தியும் அசையாத ஆள்! ஒரே ஆள் படிக்கட்டில் நின்றால் நாற்பது பேர் ஏற முடியாது என்பது அவளைவிட யாருக்குத் தெரியும்? படிக்கட்டு மாமாவைக் கொண்டுபோய் வாசலில் நிறுத்தினாள். பின்னால் குடைக்காரி, மதில் மேல் ஜன்னல் சீட், மற்றவர்கள் உள்ளே. பிறகு ‘காத்திரு’.

எதிரிகள் வந்தார்கள், முட்டினார்கள், மோதினார்கள். மாமா நின்றார். ஒருவனால்தான் அவரோடு மோத முடிந்தது. மற்றவர்கள் நெரிசலில் நிற்க, மேலிருந்து அம்பு விழுந்தது. ஏழாவது முறையில் எதிரித் தலைவன் வாசலுக்குப் பக்கத்தில் தனியாக நின்றான். போய் ஒரு போடு போட்டால் என்ன? கை துறுதுறுத்தது, கட்டுக்குள் இருந்த காலும்கூடத் துடித்தது. அவனுக்குப் பின்னால் இருந்த காட்டைப் பார்த்தாள். உள்ளே ஆறு பேர் ஒளிந்திருந்தார்கள்.

“வேணாம்டா ராஜா. நீயே வா” என்று சொல்லி மறுபடியும் ‘காத்திரு’வை அழுத்தினாள்.

ஒன்பதாவது முறையில் அவனே வந்தான். ஜன்னல் சீட்டின் அம்பில் விழுந்தான். பத்து முடிந்தபோது திரையில் எட்டு முகங்களும் வரிசையாக வந்தன. ஒன்றுகூடக் குறையவில்லை. கண்டக்டரம்மா போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரி ஜன்னலைத் திறந்து, “என்னாச்சுங்க?” என்று கேட்டாள். “ஜெயிச்சுட்டேங்க!” என்று கத்தினாள் இவள். சந்தோஷத்தில் கண்ணில் தண்ணீர் கொட்டியது.

மணி நாலரை. போனை எடுத்து, விண்ணப்பத்தை ஒரு வரி விடாமல் இரண்டு தடவை படித்து அனுப்பினாள். ‘பெறப்பட்டது’ என்று வந்த பிறகுதான் நாத்தனாரைக் கூப்பிட்டாள்.

“குட்டி, கோட்டைய தாண்டிட்டேன்.”

“எத்தன பேர் போனாங்க?”

“ஒருத்தரும் போகல. எட்டுப் பேரும் இருக்காங்க.”

“எட்டுப் பேருமா! நானே ரெண்டு பேர பறிகொடுத்துதான் தாண்டினேன் அண்ணி!” நாத்தனார் போட்ட சத்தத்தில் பின்னணியில் டாக்டர் அதட்டுவது கேட்டது. அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “அண்ணி… அன்னிக்கு நான் மூளை அது இதுன்னு பேசினது தப்பு. மனசுல வச்சுக்காதீங்க. ஆமா, எப்படிப் பண்ணீங்க? எனக்கும் சொல்லித் தருவீங்களா?”

கண்டக்டரம்மா அவசரப்படாமல், தலையணையில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

“சாயங்காலம் வா. அறுபது பஸ்ஸ மேய்க்கறேன்னு இப்பதான் எழுதி அனுப்பியிருக்கேன், உனக்கு ஒரு கோட்டைய சொல்லித் தர மாட்டேனா?”