பெண்களுக்கான மேசை

1

இடுப்புக்குக் கீழே இடது பக்கம் வலி. உட்கார்ந்தால் குத்துகிறது, படுத்தால் இழுக்கிறது. ஆகவே இந்தக் கதையைச் சமையலறை மேடைமேல் தாளைப் பரப்பி, நின்றுகொண்டே எழுதுகிறேன். பியர் திருவிழாவுக்கு வந்த பீப்பாய்களைத் தூக்கி அடுக்கியதில் பிடித்தது. நிறைந்த பீப்பாயை இரண்டு பேர்தான் தூக்கவேண்டும். நான் தனியாகத் தூக்கினேன். ஏனென்றால் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கதை எங்கிருந்து வந்தது என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். பொறாமையிலிருந்து வந்தது. அக்கறை, அவதானிப்பு என்று ஏதாவது சொல்லிக்கொள்ள எனக்கும் ஆசைதான். ஆனால் வயிறு எரியும்போது அதெல்லாம் வாயில் வருவதில்லை.

தொடக்கத்துக்கே மூன்று முறை முட்டினேன்.

"யார்க்‌ஷயர் மலைச்சரிவில் மழை பெய்துகொண்டிருந்த ஒரு—" (அடித்துவிட்டேன். இங்கே மழை பெய்யாத நாள் வந்தால் அதை எழுதலாம்.)

"மரபான ஏல் என்கிற பியரைப் பெண்களிடம் கொண்டுசேர்ப்பது எப்படி என்ற கேள்வி, ஏல் இயக்கத்தாரை நெடுங்காலமாக—" (எனக்கே கொட்டாவி வந்தது.)

"டெனிஸுக்கு இமோஜனைப் பிடிக்கவில்லை."

இது நிற்கிறது. இதை வைத்துக்கொள்கிறேன்.

2

டெனிஸுக்கு இமோஜனைப் பிடிக்கவில்லை. டெனிஸ் கல்குவாரித் தொழிலாளியின் மகள். கம்பள ஆலையில் தறி ஓட்டிக் காது பாதி போனவள். இப்போது பள்ளிக்கூடம் ஒன்றைக் கூட்டிப் பெருக்குகிறாள். பீப்பாய்க்குள்ளேயே நுரைத்துப் பக்குவமாகும் ஏல் அழிந்துவிடக் கூடாது என்று போராடுகிற சங்கத்தின் உள்ளூர்க் கிளையில் அவள் உறுப்பினர். கிளையில் ஏறக்குறைய எல்லோரும் ஆண்கள், ஏறக்குறைய எல்லோருக்கும் தாடி.

சென்ற வசந்தத்தில் பப்பின் மாடியறையில் கூட்டம். தலைவர் நெவில் தொண்டையைச் செருமினார்.

"பொம்பளைங்க ஏன் நம்ம ஏலைத் தொடவே மாட்டேங்கிறாங்க? யாராவது சொல்லுங்கப்பா."

"கசப்பு," என்றார் ஒருவர்.

"வயிறு உப்பிடும்னு பயம்," என்றார் இன்னொருவர்.

"பேரு வைக்கிற லட்சணம் அப்படி. 'கிழட்டுப் பன்றி'ன்னு பேரு வெச்சா எவ வாங்கிக் குடிப்பா?"

டெனிஸ் தன் அரை லிட்டருக்கு மேல் பிடிக்கும் பைண்ட் கிளாஸைச் சத்தம் வர மேசையில் வைத்தாள். "நான் குடிக்கிறேனே. என்னைக் கேளுங்களேன்."

நெவில் சிரித்தார். "உன்னைக் கேட்டு என்ன கண்ணு பண்றது? நீதான் ஏற்கெனவே குடிக்கிறியே! நீ எங்க ஆளு."

எல்லோரும் சிரித்தார்கள். டெனிஸும் சிரித்தாள். சிரித்து முடித்தபின் வாயை எங்கே வைப்பதென்று அவளுக்குத் தெரியவில்லை.

திருவிழாவில் பெண்களுக்கென்று தனி மேசை போடுவதாக முடிவானது. சின்னக் கிளாஸ்கள், பக்கத்தில் சாக்லேட், பழவாசனை ஏல்கள். மேசைக்குப் பொறுப்பு இமோஜன். இங்கிலாந்தின் தெற்கிலிருந்து இங்கே வந்து இரண்டு குளிர்காலம்தான் ஆகிறது. அதற்கு முன்பு ஒயின் தவிர எதையும் குடித்ததில்லையாம்.

"அதுதானே வேணும்!" என்றார் நெவில். "மாறி வந்தவ சொன்னாத்தான் எடுபடும்."

சுவரொட்டியிலும் அவள் படம்தான். காம்பு வைத்த கிளாஸை ரோஜாப்பூவைப்போலப் பிடித்துக்கொண்டிருப்பாள்.*

* முதல் வரைவில் இமோஜனுக்குக் கோணல் பல் வைத்தேன். பொய். அவளுக்குப் பல்லெல்லாம் ஒழுங்கான வரிசைதான். அதுவும் ஒரு குறை என்றே எனக்குப் படுகிறது.

டெனிஸுக்கு என்ன வேண்டும்? இதை மறைத்து வைத்துக் கடைசியில் திறக்கிற எழுத்தாளர்கள் உண்டு. எனக்கு இடுப்பு வலிக்கிறது, இப்போதே சொல்லிவிடுகிறேன். வெள்ளிக்கிழமை மாலை பப்பில் அவள் பக்கத்து நாற்காலியில் ஒரு பெண் உட்காரவேண்டும். அவ்வளவுதான். குறிப்பாக, அண்ணன் மனைவி பெவர்லி. ஆலையில் அடுத்தடுத்த தறியில் நின்றவர்கள் இவர்கள். பெவர்லி அண்ணனைக் கட்டிய நாளிலிருந்து டெனிஸ் அவளுக்கு ஏலை நீட்டிக்கொண்டே இருக்கிறாள். "ஐயே, எடு அந்தப் பக்கம்" என்று எலுமிச்சைச் சோடாவை அரை மணி நேரத்தில் உறிஞ்சி முடித்துவிட்டு பெவர்லி வீட்டுக்குப் போய்விடுவாள்.

3

இந்த இடம்வரை எழுதியதை என் அண்ணன் எடுத்துப் படித்தார்.

"யாரு இந்த டெனிஸ்?"

"கதாபாத்திரம்."

"சரி. என் பொண்டாட்டி பேரை மட்டும் ஏன் அப்படியே விட்டிருக்கே?"

ஆக, அந்த வேஷம் முடிந்தது. இனி 'நான்' என்றே எழுதுகிறேன். பெயர் மட்டும் டெனிஸ் என்று இருக்கட்டும். கை பழகிவிட்டது.

4

திருவிழா நாள். இமோஜன் உள்ளே வந்தபோது மண்டபமே அவளைத் திரும்பிப்— (இல்லை. மண்டபம் அது பாட்டுக்குக் குடித்துக்கொண்டிருந்தது. திரும்பிப் பார்த்தது நான்.)

அவள் மேசைக்கு நேர் எதிரே எனக்கு வேலை, காலிக் கிளாஸ் கழுவுவது. பொறாமைப்பட அதைவிட வசதியான இடம் கிடையாது. மேசைக்கு வந்ததும் அவள் என்ன செய்தாள் என்று பார்த்தேன். ஏல் இறைக்கும் கைப்பம்பின் குழாய் வாயில் ஒரு சின்னத் துளைமூடி இருக்கும். அதன் வழியாக இறங்கினால்தான் ஏல் மேலே திரண்ட நுரையோடு நிற்கும். அதைத் திருகிக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டாள்.

எங்கள் ஊரில் நுரையில்லாத ஏலைத் தந்தால் கிளாஸ் அப்படியே திரும்பி வரும். கூடவே இரண்டு வார்த்தையும் வரும்.  ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு, முதல் கிளாஸ் திரும்பி வரட்டும் என்று காத்திருந்தேன். எனக்கு ஏறக்குறைய மகிழ்ச்சியாகவே இருந்தது.

அப்போது பெவர்லி வந்தாள். மண்டபத்தில் வேலையாயிருந்த அண்ணனுக்குச் சாப்பாட்டு டப்பா கொண்டுவந்தவள். மேசையில் சாக்லேட்டைப் பார்த்து நின்றாள்.

"சும்மா கிடைக்குதா இது?"

"எடுத்துக்கோங்க," என்றாள் இமோஜன். "காலையில என்ன குடிப்பீங்க?"

"என்னது?"

"காலையில. எழுந்ததும்."

"டீ. கரண்டி நட்டா நிக்கணும், அப்படி. எதுக்குக் கேக்குறே?"

"அப்போ உங்களுக்குப் பழவாசனை எல்லாம் சரிப்படாது. இந்தக் கறுப்பு ஏல்."

"எனக்கு ஏல் ஆகாதும்மா. அதோ நிக்கிறாளே, அவ நீட்டாத நாளில்லை."

பேசிக்கொண்டே இமோஜன் இறைத்து நீட்டிவிட்டாள். பெவர்லி கிளாஸை விளக்குக்கு நேராகத் தூக்கினாள்.

"என்னடி இது, மொட்டையா இருக்கு?"

நான் காத்திருந்தது வந்துவிட்டது என்று நினைத்தேன்.

இமோஜன் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ, ஊர்ல பப்புல வேலை பார்த்த ஞாபகத்துல கழட்டிட்டேன்! எங்க பக்கம் நுரை நின்னா அளவைக் குறைச்சுட்டான்னு சண்டைக்கு வருவாங்க. இருங்க." மூடியைத் திரும்பப் பொருத்தி இன்னொரு கிளாஸ் இறைத்தாள். நுரை வெண்ணெய் மாதிரி நின்றது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். "உங்க இஷ்டம்."

பெவர்லி நுரை நின்றதை முகர்ந்துவிட்டுக் கீழே வைத்தாள். மொட்டையை எடுத்தாள். ஒரு வாய். இன்னொரு வாய். காலி.

"இது பரவாயில்லையே."

"ஏன் இது?" என்று கேட்டாள் இமோஜன். (கவனியுங்கள். கேட்டாள்.)

"இதுல மீசை ஒட்டல. எங்கப்பா பப்லேருந்து வந்தா மீசை முழுக்க நுரையா இருக்கும். அதோடயே முத்தம் கொடுக்க வருவாரு. சனியன், சின்ன வயசுலேயே வெறுத்துப்போச்சு."

நான் கழுவிய கிளாஸோடு அங்கே போய் நின்றிருந்தேன். எப்போது நகர்ந்தேன் என்று தெரியவில்லை.

"இதை எங்கிட்ட நீ சொன்னதே இல்லையே பெவ்."

"நீ எப்போ கேட்டே? மூஞ்சிக்கு நேரா நீட்டி 'குடிடி'ன்னுதானே சொல்லுவே."

இமோஜன் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் இந்தக் கதை எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

5

முடிவுகள் மூன்று வைத்திருந்தேன்.

ஒன்று: அவள் மேசையிலிருந்த பீப்பாய் புளித்துப்போகிறது, பெண்கள் துப்புகிறார்கள், நெவில் ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொள்கிறார். இதை ஒரே மூச்சில் எழுதினேன், ருசித்து எழுதினேன். பிறகு கிழித்துவிட்டேன். அந்தப் பீப்பாயை அடுக்கியது நான். நான் அடுக்கியது புளிக்காது.

இரண்டு: மூன்று பெண்களும் தோளோடு தோள் சேர்த்துச் சிரிக்கிறார்கள். அடுத்த ஆண்டுச் சுவரொட்டிக்கு ஆகும். நெவில் வேண்டுமானால் எழுதிக்கொள்ளட்டும்.

மூன்றாவது, நடந்தது. மண்டபத்தைப் பூட்டியதும் எதிர் பப்புக்குப் போனோம். எந்த ஏலைக் கேட்டாலும் மூடியைக் கழற்றிவிட்டு இறைக்கச் சொல்ல வேண்டும் என்று இமோஜன் பெவர்லிக்குச் சொல்லிக்கொடுத்தாள். பெவர்லி தானே எழுந்துபோய் எங்கள் மூவருக்கும் வாங்கிவந்தாள். முதன்முதலாகத் தனியே கடைக்குப் போய்வந்த குழந்தைபோல முகம் முழுக்கப் பெருமை. அடுத்து இமோஜன் எழுந்து மூவருக்கும் வாங்கினாள். குடித்து முடிக்கும்போது பெவர்லி அவளிடம், "வெள்ளிக்கிழமை வர்றியா கண்ணு? டெனிஸும் இருப்பா," என்றாள்.

டெனிஸும்.

பக்கத்து நாற்காலிக்கு ஒரு பெண் வேண்டும் என்றுதானே கேட்டேன்? இரண்டு பேர் வந்தார்கள். எனக்காக இல்லை, ஒருத்திக்காக ஒருத்தி வந்தார்கள்.

அடுத்த சுற்று வாங்குவது என் முறை. கழிப்பறைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் பின்வாசல் வழியாக வீட்டுக்கு நடந்தேன். எங்கள் ஊரில் இதற்கு மன்னிப்பு கிடையாது. குவாரியில் அப்பாவோடு வேலை பார்த்த ஒருவர் இறந்து புதைத்த பிறகும் அப்பா அவரை 'முறை வந்தா எழுந்து போறவன்' என்றே சொல்லிக்கொண்டிருந்தார். வேறு பெயர் அவருக்கு இருந்ததாக எனக்கு நினைவில்லை.

நாளை வெள்ளிக்கிழமை. நான் போகிறேனா இல்லையா என்பதை எழுதிப் பார்த்தேன். இரண்டு வாக்கியமும் பொய்யாகத்தான் வந்தன. பொறாமை குறைந்தது என்றும் எழுதமாட்டேன், குறையவில்லை. இந்த டெனிஸை நாளை பப்புக்கு அனுப்பலாமா வேண்டாமா என்பதை நீங்களே முடிவுசெய்துகொள்ளுங்கள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: இமோஜனுக்கு ஒரு பைண்ட், பெவர்லிக்கு நுரையில்லாமல் அரைப் பைண்ட் கறுப்பு ஏல். நான் வாங்கித் தரவேண்டியது. இன்னும் தரவில்லை.