எவால்ட் விட்டதும் கிசெலா விட்டதும்

எவால்டின் குடும்பத்தில் தவக்காலம் கோயிலில் தொடங்குவதில்லை, சாப்பாட்டு மேசையில்தான் தொடங்கும். தவக்காலத்தின் முதல் நாளான சாம்பல் புதனுக்கு முந்தின மாலை எல்லோரும் தம்பி ருஃபின் வீட்டில் கூடுவார்கள். உப்பில் ஊறிய ஹெர்ரிங் மீன், பச்சை வெங்காயம், வேகவைத்த உருளைக்கிழங்கு, வோட்கா. வயிறு நிறைந்த பிறகு, ஈஸ்டர் வரை எதை விடப்போகிறோம் என்று ஒவ்வொருவராக உரக்கச் சொல்ல வேண்டும். சொன்ன சொல்லைத் திரும்ப எடுக்க முடியாது. மேசையில் இருப்பவர்கள் எல்லோரும் சாட்சி.

வோட்காவை விடுகிறவனுக்கு இன்னும் ஒரு வேலை உண்டு. கடைசி மிடறைக் குடித்துவிட்டு, தன் சின்ன கிளாஸை மேசைவிரிப்பின் மேல் கவிழ்ப்பான். அது கவிழ்ந்தபடியே வீட்டுக்குப் போய்க் கண்ணாடி அலமாரியில் உட்காரும். ஈஸ்டர் விடியற்காலைப் பூசை முடிந்து வந்து, அவனே தன் கையால் அதை நிமிர்த்துவான்.

எவால்ட் ஒரு வருடம்கூடத் தவறியதில்லை. சுரங்கத்தில் விளக்கு அறையில் அவனுக்கு வேலை. இறங்குகிறவர்களுக்கு விளக்குக் கொடுப்பதும், ஏறி வருகிறவர்களிடம் வாங்கி மின்னேற்றம் செய்வதும். அங்கே எல்லோருக்கும் அவனுடைய தவக்காலம் தெரியும். வெள்ளிக்கிழமைகளில் சிலுவைப்பாதையில் சிலுவையைத் தூக்குகிறவன் அவன்தான். "ஆறு வாரம் ஒரு சொட்டுத் தொட மாட்டான்யா" என்பார்கள். அந்த ஒரு வாக்கியத்துக்கு எவ்வளவு பலம் என்பதைப் பார்க்க வேண்டும். மற்ற மாதங்களில் அவன் காலையிலேயே குடிப்பதை அது மறைத்தது. ஈஸ்டருக்குப் பிறகு இரண்டு வாரம் படுக்கையிலேயே கிடந்து குடிப்பதையும் மறைத்தது. குடிகாரன் என்றால் நிறுத்த முடியாதவன். இவன் வருடா வருடம் நிறுத்துகிறான். ஆகவே இவன் குடிகாரன் அல்ல. கணக்கில் ஓட்டை எங்கே என்று யாரும் தேடவில்லை. எவால்ட் தேடவே இல்லை.

இந்த வருடம் ஜனவரியில், மூன்று ராஜாக்கள் திருநாளுக்கு மறுநாள் அவன் ரத்த வாந்தி எடுத்தான். மருத்துவமனையில் டாக்டர் ஹால்ஷ்கா அவன் மனைவி கிசெலாவை மட்டும் தனியே கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"தவக்காலத்துல நிறுத்துவாராமே. பெருமையா சொல்றார். நிறுத்துனா என்ன ஆகும், நீங்க பாத்திருக்கீங்களா?"

கிசெலா பார்த்திருக்கிறாள். போன வருடம் சாம்பல் புதனுக்கு மறுநாள் குளியலறையில் அவன் விறைத்து விழுந்தான். வாயில் நுரை. கதவை முட்டித் திறந்தாள். வழுக்கி விழுந்துவிட்டார் என்று அதே மாடிப்படியில் குடியிருப்பவர்களிடம் சொன்னாள். காய்ச்சல் என்று சுரங்கத்தில் சொன்னாள்.

"என்ன வேலை பாக்குறீங்க?" என்று டாக்டர் கேட்டார்.

"டிராம் பணிமனையில. பிரேக் பிரிவு."

"அப்ப உங்களுக்குச் சுலபமா புரியும். குடி உடம்புக்குப் பிரேக் மாதிரி. ஒருத்தர் தினமும் அதை அழுத்திக்கிட்டே இருக்கார்னா, உடம்பு சும்மா நிக்காது. நகரணுமே. அதனால மோட்டாருக்கு வேகத்தைக் கூட்டும். இவர் இன்னும் அழுத்துவார், அது இன்னும் கூட்டும். வெளியிலேர்ந்து பாத்தா வண்டி சாதாரணமா ஓடற மாதிரி இருக்கும். உள்ள ரெண்டும் முழு பலத்துல இருக்கு. இப்ப பிரேக்கை மட்டும் ஒரே ராத்திரியில எடுத்துட்டா?"

"பாயும்."

"அதான் நீங்க பாத்த வலிப்பு. ஒவ்வொரு தடவை இப்படி நிறுத்தும்போதும் அடுத்தது மோசமா வரும். வீட்டுல நிறுத்த விடாதீங்க. எங்க வார்டுக்கு வரட்டும். மருந்து கொடுத்து மோட்டாரைக் கொஞ்சம் கொஞ்சமா இறக்குவோம். சாம்பல் புதன் சாயங்காலம் வரைக்கும் ஒரு படுக்கையைப் பிடிச்சு வைக்கிறேன். ஆனா நீங்க கொண்டுவந்து சேக்க முடியாது. என்னால நிறுத்த முடியலன்னு அவர் வாயால அவரே சொல்லணும்."

கிசெலா வீட்டுக்கு வந்து அவனிடம் சொன்னாள். எவால்ட் சிரித்தான்.

"எனக்கு எதுக்குடி வார்டு? அது குடிகாரனுங்களுக்கு. தவக்காலம் வருதுல்ல, நானே நிறுத்திடுவேன்."

அடுத்த வாரம் மறுபடி சொன்னாள். அதற்கடுத்த வாரம் அழுதாள். ஒவ்வொரு முறையும் அவன் அதே விரலால் அதே அலமாரியைக் காட்டினான். அங்கே கிளாஸ் நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தது.

சாம்பல் புதனுக்கு முந்தின செவ்வாய்க்கிழமை காலை அவள் பங்குச் சாமியார் அலாய்சியைப் போய்ப் பார்த்தாள். அவர் போன வருடத்துக் குருத்தோலைகளைச் சாம்பலுக்காக ஒரு தகர வாளியில் எரித்துக்கொண்டிருந்தார். நமுத்துப்போன ஓலை புகைந்ததேயன்றிப் பிடிக்கவில்லை.

"சாமி, தவக்காலத்துக்குக் குடியை விட வேண்டாம்னு எவால்ட்கிட்ட சொல்லுங்க."

சாமியார் குச்சியால் வாளியைக் கிளறுவதை நிறுத்தினார். "என்னம்மா சொல்ற?"

"விடணும். ஆனா தவக்காலத்துக்குன்னு விடக் கூடாது. அந்தச் சபதம்தான் அவரை வார்டுக்குப் போக விடாம பிடிச்சு வச்சிருக்கு. நீங்க சொன்னா கேப்பார். வேற எதையாவது விடச் சொல்லுங்க. கறி, தொலைக்காட்சி, எதையாவது."

"ஒரு மனுஷன் குடியை விடறேன்னு வர்றான். நான் 'வேண்டாம், குடி'ன்னு சொல்றதா? நாளைக்கு ஊரே சபதத்தை விட்டுட்டு என் வாசல்ல வந்து நிக்கும்."

"போன வருஷம் அவருக்குக் காய்ச்சல் இல்ல, சாமி."

அவர் குச்சியை வாளிக்குள் போட்டார். நல்ல மனிதர்தான், எதைச் செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. "நான் வேண்டிக்கிறேன்," என்றார். பிறகு, பேச்சை எங்கேயாவது கொண்டு முடிக்க வேண்டுமே என்று, "சரி, நீ எதை விடப்போற?" என்று கேட்டார்.

"இன்னும் யோசிக்கல."

"போன வருஷம்?"

"காபியில சர்க்கரை."

மாலை ருஃபின் வீட்டில் மீன் நன்றாக ஊறியிருந்தது. எவால்ட் அன்று தாராளமாகக் குடித்தான். நாளையிலிருந்து இல்லை என்பதால் யாரும் தடுக்கவில்லை. ருஃபின் மனைவி ஆடெலைடா தட்டுகளை எடுத்ததும் சபதம் தொடங்கியது.

"நான் சிகரெட்டை விடறேன்," என்றான் ருஃபின்.

"வெள்ளிக்கிழமை வரைக்குமா, சனிக்கிழமை வரைக்குமா?" என்று ஆடெலைடா கேட்டாள்.

"அண்ணே, பாரு. சபதம் வாயை விட்டு வரல, அதுக்குள்ள குழி தோண்டுறா."

"நான் இனிப்பை விடறேன். ஞாயித்துக்கிழமை கணக்குல வராது," என்றாள் ஆடெலைடா.

"கேக் சுடுறது ஞாயித்துக்கிழமைதானே."

எவால்ட் எழுந்து நின்றான். பேச்சு அடங்கியது. "வோட்கா," என்றான். குடித்தான். கிளாஸைக் கவிழ்த்தான். பிறகு வலது கையை மேசைக்கு மேல் நீட்டி, விரல்களை விரித்து அப்படியே பிடித்தான். விரல் நுனி அசையவில்லை. "பாத்துக்குங்க. குடிகாரன் கையா இது?"

கை அசையாமல் நின்றதற்குக் காரணம், அப்போதுதான் உள்ளே போயிருந்த வோட்கா. அந்த மேசையில் இது கிசெலாவுக்கு மட்டும் தெரியும்.

"அண்ணி, உங்க முறை," என்றான் ருஃபின். "சர்க்கரைதானே?"

"பொய்யை விடறேன்," என்றாள் கிசெலா.

ருஃபின் சிரித்தான். "நீங்க எப்ப பொய் சொன்னீங்க?"

"போன வருஷம் உங்க அண்ணனுக்குக் காய்ச்சல்னு சொன்னேன். காய்ச்சல் இல்ல. வலிப்பு. வழுக்கி விழுந்தார்னு சொன்னேன். வழுக்கல. விளக்கு அறைக்கு எத்தனை தடவை போன் பண்ணிச் சொல்லியிருப்பேன். முதுகு வலி, பல் வலி, என் அம்மா சாவு. என் அம்மாவுக்கு ரெண்டு தடவை சாவு வச்சிருக்கேன். ஈஸ்டர் வரைக்கும் இனிமே கிடையாது. அவருக்காகவும் சொல்ல மாட்டேன், அவர்கிட்டயும் சொல்ல மாட்டேன். நீங்கள்லாம் சாட்சி."

ஆடெலைடா ஈரத் துணியைக் கையில் பிடித்தபடி நின்றாள். "அக்கா, இன்னைக்குப் போய் இதெல்லாம்..."

"இன்னைக்குத்தானே சொல்லணும்."

"அண்ணி," என்றான் ருஃபின் மெதுவாக, "சர்க்கரையே போதாதா?"

எவால்ட் கவிழ்த்த கிளாஸைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கோட்டை எடுத்தான். வழி முழுவதும் அவளுக்கு முன்னால் நடந்தான்.

மறுநாள் காலைப் பூசையில் அவர்கள் வரிசையில் நின்றார்கள். அந்தப் பக்கத்தில் சாம்பலை நெற்றியில் பூசுவதில்லை, உச்சந்தலையில் தூவுவார்கள். எவால்ட் இரண்டு கைகளையும் கோட்டுப் பைக்குள் விட்டபடி தலையைக் குனிந்தான். சாமியார் அலாய்சி ஒரு கணம் தயங்கினார். வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகவே சாம்பலை எடுத்தார் என்று கிசெலாவுக்குத் தோன்றியது. அவர் வேறொன்றும் சொல்லவில்லை. அவளும் அதை எதிர்பார்ப்பதை விட்டிருந்தாள்.

மதியம் எவால்டுக்கு ஷிஃப்ட். அவன் சமையலறையில் பூட்ஸ் கயிற்றோடு போராடிக்கொண்டிருந்தான். கயிற்றின் முனை துளைக்குப் பக்கத்தில் போகும், நடுங்கி விலகும். காதோரம் வேர்வை வழிந்தது. "குனிஞ்சா தலை சுத்துது, அவ்வளவுதான்," என்றான். பிறகு பூட்ஸை அப்படியே விட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தான்.

"டாக்டர் படுக்கையை வச்சிருக்காங்க, எவால்ட். சாயங்காலம் வரைக்கும்தான்."

"போன வருஷம் தாண்டினேன்ல."

"தாண்டல. நான் மறைச்சேன்."

ஷிஃப்ட் தொடங்கிய பிறகு போன் அடித்தது. விளக்கு அறை மேஸ்திரி ஹூபெர்ட். கிசெலாவின் நாக்கில் பழைய வார்த்தைகள் எல்லாம் தயாராக வந்து நின்றன. பல வருடப் பழக்கம், ஆலோசிக்கவே தேவையில்லாமல் வரும்.

"கிசெலா, ஆளைக் காணோம். காய்ச்சல்தானே? சொல்லிடு, நான் பாத்துக்கறேன்."

"அவர் இங்கதான் இருக்கார். அவரையே கேளுங்க."

அவள் போனை மேசைவிரிப்பின் மேல் வைத்து ஸ்பீக்கரைப் போட்டாள். எவால்ட் கண்ணாலேயே கெஞ்சினான். அவள் அசையவில்லை.

"ஹூபெர்ட்," என்றான் எவால்ட். பற்கள் ஒன்றோடொன்று தட்டின. "காய்ச்சல்தான். லேசா."

"குரலே சரியில்லையேடா. கிசெலா, காய்ச்சலா?"

"இல்ல," என்றாள் கிசெலா.

அந்தப் பக்கம் விளக்கு அறையில் யாரோ இரும்புப் பெட்டியை இழுக்கும் சத்தம் கேட்டது. "ஆனா அவன் நேத்தே குடியை விட்டுட்டானே," என்றார் ஹூபெர்ட் கடைசியில்.

"அதனாலதான்."

போனை வைத்த பிறகு எவால்ட் அவளைப் பார்த்தான். அப்படி ஒரு பார்வையை அவள் அவனிடம் கண்டதில்லை, கோபமாகக்கூட இல்லை. "இனிமே நான் எப்படி அங்க போய் நிப்பேன்? சொல்லு. விளக்கு வாங்க வர்ற ஒவ்வொருத்தன் மூஞ்சியையும் எப்படிப் பாப்பேன்?"

அவள் ஒரு டம்ளரில் தண்ணீர் ஊற்றி அவன் முன்னால் வைத்தாள். அவன் இரண்டு கையாலும் அதைப் பிடித்துத் தூக்கினான். பாதிவழியிலேயே தண்ணீர் சட்டையில் கொட்டியது. வாயைக் கீழே கொண்டுவந்து உறிஞ்சப் பார்த்தான். விளிம்பு பல்லில் மோதியது. டம்ளர் உருண்டு கீழே விழுந்தது. அவன் அதைக் குனிந்து பார்த்தபோது தலையிலிருந்து கொஞ்சம் சாம்பல் நனைந்த மேசைவிரிப்பின் மேல் உதிர்ந்தது.

"சுவத்துல ஏதோ ஓடுது," என்றான்.

"ஒண்ணும் ஓடல, எவால்ட்."

"ஓடலையா?"

"ஓடல. நான் பொய் சொல்றதில்ல."

அவன் கண்களை மூடிக்கொண்டான். "கூப்பிடு," என்றான்.

ஆம்புலன்ஸ் வாசலுக்கே வந்தது. பின்பக்கமாக வரச் சொல்லியிருக்கலாம். போன வருடமாக இருந்தால் சொல்லியிருப்பாள். தூக்குப் படுக்கையை இரண்டு பேர் மாடிப்படியில் இறக்கும்போது, கீழ் வீட்டு ட்ரவுடா கதவைத் திறந்து நின்றாள். கையில் பாதி உரித்த உருளைக்கிழங்கு.

"ஐயோ, கிசெலா. காய்ச்சலா?"

கிசெலா வாயைத் திறந்தாள். அதற்குள் படுக்கையிலிருந்து குரல் வந்தது. பற்கள் தட்டியதில் ஒவ்வொரு சொல்லும் உடைந்து உடைந்து வந்தது.

"வோட்கா, ட்ரவுடா. நிறுத்த முடியல என்னால."

ட்ரவுடா உருளைக்கிழங்கை மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே போனாள். கதவு மெதுவாக மூடியது.

வண்டியில் அவன் கையில் ஊசி ஏற்றினார்கள். மருந்தைப் பற்றி அவன் ஏதோ கேட்க வந்தான். சபதம் முறியுமா என்று கேட்க நினைத்திருப்பான். ஆனால் கேட்டது வேறு.

"கிசெலா. ஈஸ்டருக்கு வீட்டுக்கு வந்துடுவேன்ல?"

வீட்டுக்காகக் கேட்டானா, அலமாரியில் கவிழ்ந்திருக்கும் கிளாஸுக்காகக் கேட்டானா என்று அவளுக்குத் தெரியவில்லை. வந்துடுவே என்று ஒரு வார்த்தை போதும். வேறு எந்த வருடத்திலும் அவள் அதை யோசிக்காமல் சொல்லியிருப்பாள். அவன் கண்கள் அந்த ஒரு வார்த்தைக்காக அவள் முகத்தையே பிடித்துக்கொண்டிருந்தன.

அவள் அவன் கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்து இறுக்கினாள். நடுக்கம் அவள் தோள் வரை ஏறியது.

"தெரியல, எவால்ட்," என்றாள்.