ஸ்லாவிக் துறையின் வேலைவாய்ப்பு மாலை

எங்கள் பல்கலைக்கழகத்தில் ரஷ்யன் முதலான மொழிகளைக் கற்பிக்கும் ஸ்லாவிக் மற்றும் யூரேசிய ஆய்வுத் துறை மூன்றாம் மாடியில், ஜெர்மன் துறைக்கும் கழிப்பறைக்கும் நடுவே இருந்தது. நான் அதன் அலுவலகச் செயலாளர். ஜெர்மனுக்கும் லத்தீனுக்கும்கூட நான்தான். இருபத்துநான்கு வருடம் அந்த மேஜையில் உட்கார்ந்தும் ஒரு ரஷ்ய வார்த்தைகூட ஒட்டாமல் தப்பித்தது என் தனித்திறமை என்று பேராசிரியர் போஹுமிலா சொல்வார். அவர் செக் நாட்டின் பிராக் நகரில் பிறந்தவர். அமெரிக்காவில் இந்த அயோவாவுக்கு வந்து முப்பது வருடம் ஆகிறது. துறைத் தலைவரும் அவர்தான், துறையின் ஒரே நிரந்தர ஆசிரியரும் அவர்தான். அதனால் துறைக் கூட்டங்கள் சண்டையில்லாமல் நடக்கும்.

அந்த ஜனவரியில் எங்கள் டீன் பிரஸ்டன் கூப்பிட்டனுப்பினார். குறிப்பெடுக்க நானும் போனேன். வணிகவியல் பக்கமிருந்து வந்த மனிதர். சுவரில் புள்ளிவிவர வரைபடத்தின் வண்ணக் கோடுகளைப் பாய்ச்சாமல் அவரால் காலை வணக்கம்கூடச் சொல்ல முடியாது.

"போஹுமிலா, உங்க துறைல இந்த வருஷம் எத்தனை பேர் பட்டம் வாங்குறாங்க?"

"டார்சி வாங்குறா."

"நான் எண்ணிக்கை கேட்டேன்."

"அதைத்தான் சொன்னேன்."

டீன் சுவரைப் பார்த்தார். எங்கள் துறையின் கோடு தரையோடு தரையாகக் கிடந்தது. "இந்தப் படிப்பைப் படிச்சா என்ன வேலை கிடைக்கும்னு மேல கேக்கறாங்க. பிப்ரவரி முடியறதுக்குள்ள ஒரு வேலைவாய்ப்பு மாலை நடத்துங்க. மூணு விருந்தினர், இருபது மாணவர்கள். போட்டோ கட்டாயம் வேணும். இல்லேன்னா துறையை மூடறதைத் தவிர எனக்கு வேற வழியில்லை."

"இருபது பேரா? நான் எங்க போய்ப் பிடிப்பேன்?"

"அது உங்க படைப்பாற்றல்" என்று சிரித்தார்.

அந்த டார்சி, நாற்பது மைல் தள்ளிப் பன்றிப்பண்ணை வைத்திருக்கும் கேரி வாண்டர்ஸ்லூட்டின் மகள். முதல் வருடம் ஸ்பானிஷ் வகுப்பு நிரம்பிவிட்டதால் ரஷ்ய வகுப்புக்குள் வந்து உட்கார்ந்தவள், அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. அரசாங்க உதவித்தொகையில் இரண்டு கோடைக்காலம் கிர்கிஸ்தானின் பிஷ்கெக் நகரத்தில் ஒரு குடும்பத்தோடு தங்கி கிர்கிஸ் மொழியும் பேசக் கற்றுக்கொண்டு வந்தாள். கிழக்கே ஒரு பெரிய பல்கலைக்கழகத்தில் முனைவர் படிப்புக்கு அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. அந்தக் கடிதத்தை போஹுமிலா தன் சொந்த மகளின் கல்யாணப் பத்திரிகை மாதிரி எல்லோரிடமும் காட்டிக்கொண்டிருந்தார். டார்சியின் அப்பாவுக்கு மட்டும் அது பிடிபடவில்லை. "இன்னும் ஏழு வருஷமா? என் பன்னிங்க ஆறே மாசத்துல சந்தைக்குப் போயிடுதே" என்றாராம்.

விருந்தினர் யாராவது கிடைப்பார்களா என்று கேட்க டார்சியும் நானும் பல்கலைக்கழகத்தின் வேலைவாய்ப்பு மையத்துக்குப் போனோம். அங்கே கெய்லி என்ற பெண், பல் முழுக்கச் சிரிப்பு, கணினியைத் தட்டினாள்.

"ஸ்லாவிக்... ஸ்லாவிக்... இந்தப் பட்டியல்ல இல்லையே. எஸ்-ல 'சேல்ஸ்' இருக்கு. போட்டுக்கவா?"

"வேண்டாம். யூரேசியா இருக்கா?"

"அது எந்த ஊர்?"

"ஐரோப்பாவும் ஆசியாவும் சேர்ந்தது" என்றாள் டார்சி.

"ஓ, பெரிய ஊரு! அப்ப வேலை நிறைய இருக்கும்" என்று கெய்லி மகிழ்ந்தாள். பிறகு டார்சியிடம் நாற்பது கேள்விகள் கேட்டுவிட்டு, அவளுடைய மனப்பாங்குக்கு ஏற்ற வேலை சவ அடக்க நிலைய மேலாண்மை என்று அச்சடித்துக் கொடுத்தாள்.

விருந்தினர்களை போஹுமிலாவே பழைய மாணவர்களுக்குக் கடிதம் எழுதித் தேடினார். நான் அறிவிப்பு அச்சடித்தேன். 'ரஷ்யன், கிர்கிஸ், உஸ்பெக், உக்ரைனியன் தெரிந்தவர்களுக்கு வேலை! பீட்சா இலவசம்!' பீட்சாவைப் பெரிய எழுத்தில் போட்டேன். இருபத்துநான்கு வருடத்தில் மாணவர்களைப் பற்றி நான் கற்றது அவ்வளவுதான். என் கணவர் டுவெய்ன் எண்பதாம் நெடுஞ்சாலையில் லாரிகள் தங்கும் நிலையத்தில் டயர் மாற்றுகிறவர். மிச்சமிருந்த நாலு தாளை அவர் கொண்டுபோய், அங்கே ஓட்டுநர்கள் துணி துவைக்கும் இயந்திரங்களுக்கு மேலே ஒட்டிவிட்டார்.

வியாழக்கிழமை மாலை ஐந்து மணிக்கு இருபத்தாறு பேர் வந்தார்கள். அதில் இருபத்திரண்டு பேர் மல்யுத்தக் குழு. ஒவ்வொருவனும் ஒரு பீட்சா பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அடக்கமாக உட்கார்ந்திருந்தான். டீன் தொலைபேசியில் படம் எடுத்துக்கொண்டே இருந்தார்.

முதல் விருந்தினர் ரோலண்ட். பதினைந்து வருடம் முன்பு படித்தவர், அரசாங்க ஊழியர். எழுந்து, "இந்தப் படிப்பு எனக்கு நல்ல வேலை கொடுத்துச்சு" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

"என்ன வேலைன்னு சொல்லுங்க" என்றார் டீன்.

"ஆபீஸ் வேலை."

"எந்த ஆபீஸ்?"

"பெரிய ஆபீஸ்."

"அங்க ரஷ்யன் உபயோகப்படுதா?"

ரோலண்ட் கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். "அதை நான் மறுக்கவும் மாட்டேன், ஒத்துக்கவும் மாட்டேன். கேன்டீன் நல்லா இருக்கும்."

மல்யுத்தக்காரர்கள் உளவாளியைப் பார்க்கிற மரியாதையோடு அவரைப் பார்த்தார்கள். அன்றைக்கு அவர்கள் எழுதிக்கொண்ட ஒரே குறிப்பு அந்த கேன்டீன்தான்.

இரண்டாவது விருந்தினர் முனைவர் நெல்சன். மூன்று ஊர்களில் மூன்று கல்லூரிகளில் பகுதிநேரப் பாடம் எடுப்பவர். தினம் இருநூறு மைல் ஓட்டுகிறாராம். "கல்வித்துறைல வாய்ப்புகள் இருக்கு, பொறுமைதான் வேணும்" என்று ஆரம்பித்தவர், முடிக்கும்போது போஹுமிலா பக்கம் திரும்பி, "இங்க ஏதாவது காலியிடம் இருக்கா மேடம்?" என்று தன் விவரத்தாளை நீட்டினார். மூன்றாவதாக வரவேண்டியிருந்த தொண்டு நிறுவனம், நிதி நின்றுபோனதால் இப்போது தாங்கள் இல்லை என்று காலையிலேயே தகவல் அனுப்பியிருந்தது.

டீன் கடிகாரத்தைப் பார்த்தார். போஹுமிலா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். அவருக்கு அழுகை வந்தால் அப்படித்தான் செய்வார். அப்போதுதான் கதவு திறந்தது. தோல் ஜாக்கெட், தோளெல்லாம் பனித்தூள், கையில் எங்கள் அறிவிப்பு.

"கிர்கிஸ் தெரிஞ்சவங்களுக்கு வேலைன்னு போட்டிருக்கு. என் டிரைவர் துணி துவைக்கிற இடத்துல பார்த்துட்டு போட்டோ அனுப்பினான். யாருக்குங்க இங்க கிர்கிஸ் தெரியும்?"

அவர் பெயர் தாலாய்பெக். சிகாகோ பக்கத்தில் அறுபது லாரி ஓட்டும் கம்பெனி வைத்திருக்கிறார். ஓட்டுநர்கள் பாதிப்பேர் அவர் ஊர்க்காரர்கள், மீதி உஸ்பெக்குகளும் உக்ரைனியர்களும். அவர்களுக்காக ஆங்கிலத்தில் பேச ஒரு ஆள் தேடி நாலு மணிநேரம் பனியில் ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறார்.

டார்சி கை தூக்கினாள். அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். சோளநிற முடி, பண்ணைப் பூட்ஸ். "நீயா பாப்பா?" என்று அவர் சிரிக்க, அவள் கிர்கிஸில் ஏதோ பதில் சொன்னாள். அவர் சிரிப்பு நின்றுவிட்டது. என்ன சொன்னாள் என்று பிறகு கேட்டேன். "'பாப்பாவுக்குப் பசிக்குது, சீக்கிரம் கேளுங்க'ன்னேன்" என்றாள்.

அவர் கேட்பதற்குள் அவருடைய தொலைபேசி அடித்தது. அவருடைய ஓட்டுநர் ஒருவரை நெப்ராஸ்காவில் லாரிகளை எடை போடும் சாவடியில் போலீஸ் நிறுத்திவிட்டதாம். தாலாய்பெக் இரண்டு வாக்கியம் கேட்டார், தொலைபேசியை டார்சியிடம் நீட்டினார். "முதலாளி பேசினா போலீஸ்காரர் நம்ப மாட்டார். நீ பேசு. இதான் இன்டர்வியூ." ஸ்பீக்கரில் போட்டார். அறை முழுக்க மெல்வதை நிறுத்தியது.

"யாரும்மா பேசறது?" நெப்ராஸ்காக் குரல்.

"நான் டார்சி சார், மொழிபெயர்க்கறேன். என்ன பிரச்னை?"

"உங்க ஆளு குடிச்சிருக்கான். நான் சொல்லலை, அவனே சொல்றான். 'குடிச்சியா'ன்னேன், 'யெஸ் சார்'ன்னான். 'எப்பெல்லாம்'னேன், 'எவ்ரி டே சார், வெரி குட்'ங்கறான்."

"ஊதச் சொன்னீங்களா?"

"மூணு தடவை. சைபர் காட்டுது. மெஷின் ரிப்பேர் போல. வேற மெஷின் வரவரைக்கும் வண்டி நகராது. பாட்டில் வேற வெச்சிருக்கான், புளிச்ச நாத்தம்."

டார்சி ஓட்டுநரைக் கூப்பிடச் சொன்னாள். "பைகே" என்று தொடங்கினாள். அண்ணன் என்று அர்த்தமாம். அந்தப் பக்கம் ஒரு மனிதர் அழுகிற குரலில் படபடவென்று கொட்டினார். கேட்கக் கேட்க டார்சி உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள்.

"சார், அது மக்ஸிம். தானியத்தை வறுத்து அரைச்சுக் கொதிக்கவெச்சு, லேசாப் புளிக்க விடறது. அவங்க ஊர்ல தெருமுனைல பீப்பாய்ல வெச்சு விப்பாங்க, பள்ளிக்கூடப் புள்ளைங்க குடிக்கும். இவர் வீட்டம்மா செஞ்சு கொடுத்தனுப்பியிருக்காங்க."

"புளிச்சா சரக்குதானேம்மா?"

"சார், உங்க பக்கம் மாட்டுக்குச் சோளத்தட்டையை வெட்டி மூடிப் புளிக்க வைப்பாங்கல்ல? இந்த பாட்டில்ல அந்த வாசனைதானே வருது?"

அந்தப் பக்கம் மூடியைத் திருகும் ஓசை. பிறகு முகர்ந்து பார்க்கும் சத்தம் எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"அட, ஆமாம்மா. எங்கப்பா கொட்டகை வாசனை அப்படியே."

"உங்க மாடு என்னைக்காவது தள்ளாடிச்சா சார்?"

மல்யுத்தக் குழு வெடித்துச் சிரித்ததில் ஒரு பெட்டி தரையில் கவிழ்ந்தது. நெப்ராஸ்காவும் சிரித்தது. "சரி சரி, மெஷின் ஒழுங்காத்தான் இருக்கு போல. போகச் சொல்லு. ஆனா அந்த 'யெஸ் சார்'ஐக் கொஞ்சம் குறைச்சுக்கச் சொல்லும்மா, என்னைக்காவது கொலைக்கேசுல மாட்டிக்கப் போறான்."

தொலைபேசியை வைக்கும் முன் ஓட்டுநர் மெதுவாக ஒன்று சொன்னார். 'நன்றி தங்கச்சி' என்றாராம். அதை எனக்குச் சொல்லும்போது டார்சியின் கண் கலங்கியிருந்தது. தாலாய்பெக் அங்கேயே வேலை கொடுத்தார். அவர் சொன்ன சம்பளத்தைக் கேட்டு நெல்சன் எழுந்தே நின்றுவிட்டார். டீன் ஓடிவந்து, டார்சிக்கும் தாலாய்பெக்குக்கும் நடுவில் தன்னை நுழைத்துக்கொண்டு படம் எடுக்கச் சொன்னார்.

மறுநாள் காலை போஹுமிலா கதவைச் சாத்தாமலேயே டார்சியைத் திட்டினார்.

"ரஷ்யன்ல 'போறது'க்கு எத்தனை வினைச்சொல்! நடந்து போறது, வண்டில போறது, போயிட்டு வர்றது, போய்ச் சேர்றது. நாலு வருஷம் தொண்டை கிழியக் கத்துக்கொடுத்தேன். எதுக்கு? லாரிக்கா?"

"லாரிக்குத்தான் ப்ரொபசர் அத்தனையும் வேணும்."

"வாயாடாதே! கிழக்க உனக்கு இடம் இருக்கு, புகழ்பெற்ற இடம்!"

டார்சி பையைத் தோளிலிருந்து இறக்கி வைத்தாள். பிறகு சொன்னாள்: "நேத்து நெல்சன்கிட்ட எங்க படிச்சீங்கன்னு கேட்டேன். அதே இடம்தான். நான் சேரப்போற அதே பேராசிரியர்கிட்டதான். ஒன்பது வருஷம்."

போஹுமிலா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் தட்டச்சு செய்கிற மாதிரி பாவனை செய்தேன். "ஒரு வருஷம் லாரிக் கம்பெனிக்குப் போய்ப் பாரு" என்று கடைசியில் சொன்னார். "பிடிக்கலேன்னா திரும்பி வந்துடு. இடத்தை வெச்சிருக்கச் சொல்லி அவங்ககிட்ட நான் பேசறேன்."

மார்ச் மாதம் பல்கலைக்கழக இணையதளத்தில் அந்தப் படம் வந்தது. 'ஸ்லாவிக் துறை: நூறு சதவீத வேலைவாய்ப்பு' என்று தலைப்பு. ஒருத்திக்கு ஒரு வேலை, கணக்கு சரிதான். ஏப்ரலில் டீன் துறையை மூடினார். நோக்கம் நிறைவேறிவிட்டதாம். அதற்குப் பதிலாக வணிகவியலில் 'யூரேசிய சரக்குப் போக்குவரத்துச் சான்றிதழ்' தொடங்கினார். அதில் மொழி கிடையாது. பாடம் எடுக்க நெல்சனைப் பகுதிநேரமாக நியமித்தார்கள். இப்போது அவருக்கு நாலு கல்லூரி. முப்பது வருட சேவைக்கு போஹுமிலாவுக்கு ஒரு பூந்தொட்டி கொடுத்தார்கள். அவர் அதைக் கழிப்பறை ஜன்னலில் வைத்துவிட்டுப் போனார்.

டார்சி சிகாகோவுக்குப் போய்விட்டாள். போலீஸ், காப்பீட்டுக்காரர், கிடங்குக்காரர், ஓட்டுநர்களின் பொண்டாட்டிமார் என்று எல்லாரிடமும் மூன்று மொழியில் சண்டை போடுவது அவள் வேலை. "லாரிக்காரங்ககிட்ட பேசறதுக்கு நாலு வருஷப் படிப்பா? நான் சும்மாவே பேசறேனே" என்றார் அவள் அப்பா கேரி. ஆனால் சந்தையில் எல்லோரிடமும் மகளின் வேலையைப் பற்றித்தான் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

போன இலையுதிர் காலத்தில் டார்சி என்னிடம் தொலைபேசியில் பேசினாள். ஓட்டுநர்களுக்கு ஆங்கிலம் சொல்லித்தர ஆள் வேண்டும், ரஷ்யன் தெரிந்திருக்க வேண்டும், கண்டிப்பானவராக இருக்க வேண்டும் என்றாள். யாரைச் சொல்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. போஹுமிலாவை ஒத்துக்கொள்ள வைக்க மூன்று வாரம் பிடித்தது. இப்போது ஞாயிற்றுக்கிழமைதோறும் சிகாகோ போய், அங்கே லாரிக் கொட்டகையில் வகுப்பு எடுக்கிறார். நாற்பத்தொரு மாணவர்கள். முப்பது வருடத்தில் அவருக்கு இவ்வளவு பெரிய வகுப்பு வாய்த்ததில்லை. முதல் தேர்வில் பாதிப்பேரைப் பெயிலாக்கிவிட்டார். ஒருவர்கூட வகுப்பை விட்டு நிற்கவில்லை.

போன வாரம் அவர் வீட்டுக்கு காபி குடிக்கப் போயிருந்தேன். தொலைபேசி அடித்தது. வயோமிங்கிலிருந்து ஒரு ஓட்டுநர், இலக்கணத்தில் சந்தேகம்.

"முதல்ல வண்டியை ஓரம் கட்டு" என்று அதட்டிவிட்டு, போஹுமிலா பென்சிலைத் தேடினார்.