இருபதடி தள்ளி

செம்பாக்கம் ஏரிக்கரைத் தெருவில் நாற்பது வீடு. நாற்பது வீட்டுக்கும் ஒரே தண்ணீர், ஒரு மைல் தள்ளி இருந்த வைத்தீஸ்வரனின் பம்புசெட் கிணறு. 1971 பங்குனியில் அவர் நிலத்தை பிளாட் போடுகிறவர்களுக்கு விற்றுவிட்டார். சித்திரை பிறந்ததும் கிணற்றை மூடிவிடுவார்கள். ஏரி பாதி காய்ந்து எருமைகளுக்கே போதவில்லை.

வெளிநாட்டு மிஷன்காரர்கள் ஆழ்துளைக் கிணறு போடும் போர் லாரி அனுப்புவதாக அந்த நேரத்தில்தான் கடிதம் வந்தது. கிறிஸ்தவ சபை இருக்கிற ஊருக்கு ஒரு போர். சபை நிலத்தில் போடுவார்கள், தண்ணீர் எல்லோருக்கும். போட்ட போரில் தண்ணீர் வராவிட்டால் ஊர்ப் பெயர் பட்டியலின் கடைசிக்குப் போய்விடும். லாரி மறுபடி வர இரண்டு வருஷம். தண்ணீர் இருக்கிற இடம் பார்க்கும் ஹென்ரிக் துரை, லாரி வருவதற்கு மூன்று வாரம் முன்பே ஜீப்பில் வந்து, பெட்டியும் ஒயருமாக ஒரு நாள் முழுக்கக் சபைக் கோயில் காம்பவுண்டை அளந்து, துளை போட வேண்டிய இடத்தில் ஒரு மர முளையை அடித்துவிட்டுப் போயிருந்தார்.

செவ்வாய்க்கிழமை எட்டு மணிக்கு லாரி வந்தது. டிரில்லர் வில்பிரட் முளையைப் பிடுங்கி எறிந்துவிட்டு அதே இடத்தில் குழாயை இறக்கினார். கம்ப்ரசர் போட்ட கூச்சலில் பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டார்கள். பதினொன்றரை மணிக்கு நூற்றைம்பது அடி. வந்ததெல்லாம் வெள்ளைத் தூள்.

அம்மணி அதே தெருக்காரி, திரிசூலம் குவாரியில் ஜல்லி உடைப்பவள். கிறிஸ்தவள் இல்லை. தண்ணீர் வருவதைப் பார்க்க ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருந்தாள். தூளை அள்ளி விரலில் தேய்த்துப் பார்த்தாள்.

"இன்னாண்ணா, மாவு மில்லாட்டம் கீது. ஈரமே காணோம்."

"நீ இன்னா இன்ஜினீரா?" என்றார் வில்பிரட்.

"பதினேழு வருஷமா கல்லு ஒடைக்கிறேன். வெடிப்பே இல்லாத கல்லுல தண்ணி எங்கேர்ந்து வரும்? வேலியாண்ட அடிச்ச முளைய துரை இன்னாத்துக்கு இங்க மாத்துனாரு?"

வில்பிரட் கம்ப்ரசரை நிறுத்தினார். "துரை அப்பறம் இந்தப் பக்கமே வரலியே."

"முளை அங்கதாண்ணா இருந்துச்சு. அதோ, கல்லு கொட்டி வெச்சிகிறாங்களே, அங்க. சனிக்கெழம நான்தான மஞ்ச பூசி, குங்குமம் வெச்சு, கற்பூரம் கொளுத்தினேன். மண்ணத் தொடறதுக்கு மின்ன செய்ய வாணாமா?"

"அடிப்பாவி, கோயில் காம்பவுண்டுலயா?" என்றாள் அவளுடைய பக்கத்து வீட்டு ஜீவரத்தினம்.

"தண்ணி வர்ற எடத்துலதான் செய்வாங்க. உன் மாமியா வூட்டு அடுப்பாண்டயா செய்வாங்க?"

கூட்டம் சிரித்தது. சிரிக்காமல் நின்றவர் எலியேசர் சார் ஒருவர்தான். பள்ளிக்கூட வாத்தியார், சபையின் செயலாளர்.

"பசங்க எவனாவது விளையாட்டுக்குப் புடுங்கி நட்டிருப்பான்," என்றார் வில்பிரட். அதோடு விட்டிருந்தால் முடிந்திருக்கும். பசங்கள் தலையில் எதையும் கட்டலாம்.

"பசங்க இல்ல," என்றார் எலியேசர். "நான்தான்."

ஞாயிறு காலை ஆராதனைக்கு முன்னால் பார்த்திருக்கிறார். மஞ்சளும் சிவப்புமாக முளை நிற்கிறது. சபையார் வர ஆரம்பித்துவிட்டார்கள். பிடுங்கி, சோப்புப் போட்டுக் கழுவி, இருபதடி தள்ளிக் கோயில் சுவரோரம் நட்டுவிட்டார். காலியான இடத்தில் திங்களன்று, போதகர் குடியிருக்கக் குருமனை கட்ட வந்த அஸ்திவாரக் கல்லைக் கொட்டச் சொன்னதும் அவரேதான்.

"பூமிக்கடியில தண்ணி எல்லா எடத்துலயும் ஒரே மட்டமா இருக்கும்னு நெனச்சேன்."

"அதத்தான் சார் அஞ்சாங் கிளாஸ்ல எங்களுக்கும் சொல்லிக் குடுத்தீங்க," என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

ஒரு மணிக்கு துரை ஜீப்பில் வந்தார். தமிழைப் புத்தகத்தில் படித்தவர். அச்சில் இருப்பதுபோலவே பேசுவார்.

"இந்த முளையைப் பெயர்த்தவர் யார்?"

"நான்தாங்க ஐயா. அதுக்குப் பூஜை பண்ணியிருந்தாங்க."

"பூஜையினால் முளைக்கு என்ன சேதம்?"

துரை கல் குவியலைச் சுற்றி வந்தார். இரண்டு லாரிக் கல். கடிகாரத்தைப் பார்த்தார்.

"நாளை விடிகிறபோது நாங்கள் கோவளத்தில் இருக்கவேண்டும். ஆகையால் இன்று மட்டுமே. நான்கு மணிக்குள் இக்கற்களை அகற்றுங்கள். லாரி நிற்க இடம் கிடைக்குமானால் துளையிடுவோம். இல்லையேல் இல்லை."

எலியேசர் சட்டையைக் கழற்றி வேலியில் போட்டுவிட்டு முதல் கல்லைக் குனிந்து தூக்கினார். தூக்க வரவில்லை.

"சார், கல்லுக்குப் பாடம் நடத்தாதீங்க," என்றாள் அம்மணி. "குந்தினு தூக்குங்க. இல்லன்னா நாளைக்கு இடுப்பு இருக்காது."

தெருவே இறங்கியது. யார் சபை, யார் இல்லை என்று பார்க்க நேரமில்லை. வரிசையாக நின்று கை மாற்றினார்கள். இடையில் ஜீவரத்தினம் கேட்டாள், "ஏண்டி, அங்கயும் வரலன்னா?"

"வரலன்னா சித்திரையிலேர்ந்து தண்ணிக்கு ராஜகீழ்ப்பாக்கம் போய்க்கினு வரணும். பேசாத தள்ளு."

இரண்டு மணிக்கு எலியேசரின் உள்ளங்கை கிழிந்தது. மூன்று மணிக்கு அவர் கைமாற்றிய கல் வில்பிரட்டின் காலில் விழப் பார்த்தது. "சார், என்னையும் இருபதடி தள்ளி நடப் பாக்கறீங்களா?" என்றார் வில்பிரட். எலியேசருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

நாலடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது லாரி பின்னால் வந்து நின்றது.

முப்பது அடி, வெள்ளைத் தூள். ஐம்பது அடி, அதே தூள். எலியேசர் கண்ணை மூடிக்கொண்டு உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார். அம்மணி குனிந்து தூளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். அறுபத்தைந்தில் தூள் பழுப்பானது. ஈரமாகி உருண்டு விழுந்தது. "வெடிப்பு," என்றாள். எழுபத்திரண்டில் குழாயைச் சுற்றிச் சேறு பீறிட்டு, கிட்டே நின்ற எலியேசரைத் தலை முதல் கால் வரை பழுப்பாக்கியது.

"தெளிய ஒரு மணி நேரம் ஆகும். நாளைக்கு வேற ஆளுங்க வந்து கைபம்பு மாட்டுவாங்க. அதுவரைக்கும் யாரும் கிட்ட வராதீங்க," என்று கத்தினார் வில்பிரட்.

யார் கேட்டது. கம்ப்ரசர் வெளியே தள்ளிய தண்ணீர் வாய்க்காலாக ஓட, குடங்கள் வேலியைத் தாண்டி வந்தன. போதகர் நன்றி ஜெபம் செய்யக் கையை உயர்த்தினார். பாதி ஜனம் தலை குனிந்தது, குடத்தைக் கீழே வைக்காமல். "வரிசை, வரிசை," என்று எலியேசர் வாத்தியார் குரலில் சொல்லிப் பார்த்தார்.

"சார், கொஞ்சம் நவுருங்க. வாய்க்கால அடைச்சிகினு நிக்கிறீங்க," என்றாள் ஜீவரத்தினம்.

அம்மணி முதல் குடத்தைச் சேறு என்று கொட்டினாள். இரண்டாவதையும் கொட்டினாள். மூன்றாவதில் ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். துப்பவில்லை. குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் புறப்பட்டாள். காலடிகளை எண்ணிக்கொண்டே நடந்தாள். நூற்றுப் பன்னிரண்டில் வாசல் வந்துவிட்டது.