மாடிக்கு மாடி இளைத்த விமானம்

விமானப்படையின் மதிப்பீட்டுப் பிரிவில் அவருக்கு இஞ்ச் டேப்பு என்று பெயர். வேலியோரம் நின்று யாரோ கை நடுங்க எடுத்த படத்தைக் கொடுத்தாலும் போதும். முன்சக்கரத்தை அளவுகோலாக வைத்து, இறக்கையின் நீளத்தையும் வயிற்றில் எத்தனை ஏவுகணை அடங்கும் என்பதையும் சொல்லிவிடுவார். ஒருமுறை படத்தில் சக்கரமே இல்லை. பக்கத்தில் நின்ற காவலாளியின் தொப்பையை வைத்து அளந்தார். அரை அடி பிசகியது. காவலாளி மூச்சை உள்ளே இழுத்திருந்தாராம்.

அந்த அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. கீழ்த்தளத்தில் எழுதுவதெல்லாம் மிகை என்று மாடிக்கு மாடி கொஞ்சம் கழிப்பார்கள். அது தெரிந்தே இஞ்ச் டேப்பும் கூட்டி எழுதுவார். மேல்மாடிக்குப் போய்ச் சேரும்போது கணக்கு சரியாக இருக்கும். அவர் விடுப்பில் இருந்தபோது புது ஆள் ஒருவர் உள்ளதை உள்ளபடி எழுதப்போய், பிரம்மாண்டமான சரக்கு விமானம் ஒன்று மேலே போவதற்குள் சைக்கிள் அளவுக்கு இளைத்துவிட்டது. 'பின்னால் ஆள் உட்காரலாமா?' என்று விளக்கம் கேட்டு எழுதியிருந்தார்கள்.

இப்போது சீனாவின் புதிய போர் விமானத்தின் படங்கள் வந்திருந்தன. ரேடாருக்கு லேசில் பிடிபடாத ரகம். எவ்வளவு நெருங்கினால் நம் பழைய விமானங்களுக்கு அது தெரியும்? பதிலைப் பொறுத்துத்தான் எல்லையில் ரோந்து தொடரும் அல்லது நிற்கும். அந்தப் பழைய விமானங்களில் ஒன்றை ஓட்டுவது இஞ்ச் டேப்பின் ஒரே மகள்.

விளிம்புகளை அளந்தார், மடிப்புகளை அளந்தார். மூக்குக்கு நேரே வந்தால்தான் தெரியும். அதற்குள் ஏவுகணை வந்துவிடும். வழக்கம்போலக் கூட்டி எழுதப் பேனாவை எடுத்தவருக்குக் கை ஓடவில்லை. மகளைக் காப்பாற்ற அப்பன் கதை விட்டான் என்று யாரும் சொல்லிவிடக்கூடாதே! முதல்முறையாக உள்ளதை உள்ளபடி எழுதினார்.

மேலே வழக்கம்போல மாடிக்கு மாடி ஆபத்தைக் கழித்தார்கள். 'தொலைவிலேயே தெரியும், ரோந்து தொடரலாம்' என்று உத்தரவு இறங்கி வந்தது.

இஞ்ச் டேப்பு மூச்சிரைக்க மாடி ஏறினார்.

"ஐயா, இதுல நான் எதுவும் கூட்டலை."

"அப்போ இத்தனை வருஷமா கூட்டினீங்களா?" என்றார் மேலதிகாரி.

"நீங்க கழிப்பீங்கன்னுதான்..."

"நீங்க கூட்டுவீங்கன்னுதான்யா நாங்க கழிச்சோம்!" மேலதிகாரி சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "உங்க பொண்ணு அங்கதானே இருக்கு? பெத்த மனசு, புரியுது. போய் ஒரு டீ குடிங்க."

கீழே வந்து மகளுக்குப் போன் செய்தார்.

"அம்மாடி, அது தெரியாதும்மா. பக்கத்துல வர்ற வரைக்கும் தெரியவே தெரியாது. உடம்பு சரியில்லைன்னு சொல்லி நாளைக்கு லீவு போட்டுடு."

"அப்பா, சின்ன வயசுல எனக்குக் காய்ச்சல் வந்தா டாக்டர்கிட்ட ரெண்டு டிகிரி சேர்த்துச் சொன்ன ஆளு நீங்க. அப்பா எது சொன்னாலும் பாதியைக் கழிச்சிடுடின்னு அம்மாவே சொல்லுவாங்க."

"இது நிஜம்டா கண்ணு."

"அப்பவும் இப்படித்தான் சொன்னீங்க," என்று சிரித்தாள். "நான் போகலைன்னா இன்னொருத்தர் போகணும்பா. போய்ட்டு வந்து பேசறேன். சரியா சாப்பிடுங்க."

மறுநாள் வானத்திலிருந்து அவள் கடைசியாகச் சொன்னது, எதிரே எதுவும் தெரியவில்லை என்பதுதான்.

மேலதிகாரி தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி வீட்டுக்கு வந்தார். வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை. அவர் போன பிறகும் இஞ்ச் டேப்பின் மனைவி சுவரோரம் உட்கார்ந்தே இருந்தாள்.

"அந்தச் சீன விமானம் ஒண்ணும் அவ்வளவு பெரிசு இல்லைம்மான்னு சொன்னாளே," என்றாள். "எவ்வளவுங்க இருக்கும் அது?"

இஞ்ச் டேப்பு இரண்டு கைகளையும் விரித்தார். இன்னும் கொஞ்சம் விரித்தார். எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் அப்படியே நின்றார்.