மூன்றாவது காரணம்

"இப்ப தட்டு," என்றாள் அக்கா.

சின்னவள் தட்டினாள். அக்கா கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றாள். திரையில் வட்டம் சுற்றத் தொடங்கியது. சின்னவள் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, ஒரு வாய் போட்டு, தண்ணீரும் குடித்தாள். வட்டம் நிற்கவில்லை.

"நான் சாப்பிட்டு, கை கழுவி, மேல போய் ஒரு டோக்கனும் குடுத்துட்டு வந்துடலாம் போலிருக்கே."

"வாயை மூடுடி. எண்ணிட்டிருக்கேன்."

ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் அறை அடித்தளத்தில், மருந்துக் கிடங்கை ஒட்டி இருந்தது. அங்கே ஏசி மனிதர்களுக்காக ஓடவில்லை, இயந்திரங்களுக்காக ஓடியது. அக்கா கோடையிலும் சால்வையோடுதான் உட்கார்ந்திருப்பாள். சின்னவளுக்கு மேலே பதிவு கவுன்டரில் வேலை. மதிய இடைவேளையில் இறங்கி வந்துவிடுவாள்.

நோயாளிகளின் விவரமெல்லாம் இருந்த டேட்டாபேஸ் பதினொன்றாம் வெர்ஷன். அதைச் செய்த கம்பெனி மாதக் கடைசியோடு அதற்கு சப்போர்ட்டை நிறுத்துகிறது. பிறகு கோளாறு வந்தால் கேட்க நாதியில்லை. பதினாறுக்கு மாறச் சொல்லி உத்தரவு வந்திருந்தது. மாறுவதற்கு முன்னால், ஒரே தேடலைப் பழையதிலும் புதியதிலும் ஓட்டி, எது எவ்வளவு நேரம் எடுக்கிறதென்று பார்ப்பது அக்காவின் வேலை. அடுத்தவர் நோயைத் திறந்து பார்க்கக் கூடாது. அதனால் அக்கா தன் பெயரையே தேடினாள். அவளும் இந்த ஆஸ்பத்திரியின் நோயாளிதான்.

ஒரு வழியாகப் புதியதில் பக்கம் திறந்தது. இதய வால்வு. அறுவை சிகிச்சை தள்ளிவைப்பு. காரணம்: நோயாளியின் விருப்பம்.

"எனக்கு எப்பவாம் விருப்பம் வந்துச்சு?" அக்கா சிரித்தாள்.

"நான்தான் போட்டேன். லிஸ்ட்ல ரெண்டே ரெண்டு காரணம்தான்க்கா இருக்கு. டாக்டர் விருப்பம், நோயாளி விருப்பம். டாக்டரோ தள்ளாதேன்னு கத்தறாரு. வேற எதைப் போட?"

"மூணாவதா ஒண்ணு சேக்கணும். மேனேஜர் விருப்பம்னு."

"சேத்துடேன். உன் கையிலதானே இருக்கு."

"அப்கிரேடு முடியறவரைக்கும் எதையும் தொடக் கூடாதுடி. முடிஞ்சதும் முதல் வேலை அதான்."

மேனேஜர் உள்ளே வந்தார். சின்னவள் டப்பாவை மடியில் மறைத்துக்கொண்டாள்.

"என்னம்மா, கொஞ்சம் டேட்டா மட்டும் போட்டுப் புதுசை ஓட்டிப் பாத்தப்ப வேகமாதானே இருந்துச்சு?"

"அதுல பத்துல ஒரு பங்கு டேட்டாகூட இல்ல சார். முழுசா ஏத்தினா திணறுது. எமர்ஜென்சில ஆள் கிடக்கும்போது இப்படிச் சுத்திட்டிருந்தா என்ன பண்றது? பழசுக்கே ஒரு வருஷம் கூடுதல் சப்போர்ட் விக்கறாங்க. வாங்கிட்டா நிதானமா சரிபண்ணி மாத்தலாம்."

"மேல ஒத்துக்க மாட்டாங்க."

"கேட்டீங்களா சார்?"

அவர் கழுத்துப் பட்டையில் தொங்கிய அடையாள அட்டையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். "திணறுதுன்னு நீங்கதானே சொல்றீங்க. நீங்களே இருந்து சரிபண்ணிக் குடுத்துடுங்க. உங்களுக்கும் ஒப்பந்தம் புதுப்பிக்கற நேரம். ஆபரேஷன் எங்க போகப்போகுது, மாடியிலதானே?"

"சரி சார்," என்றாள் அக்கா.

அவர் போனதும் சின்னவள் அவளையே பார்த்தாள். "பேசாம லீவைப் போட்டுட்டுப் படுத்துடேன்."

"படுத்து எந்திரிச்சு வந்தா நாற்காலி இருக்குமா? போடி, கவுன்டர்ல கூட்டம் நிக்கும். சாயங்காலம் பால் மட்டும் வாங்கிடு. நான் பஸ்ல உட்கார்ந்தா இறங்க மாட்டேன், அப்படியே தூங்கிடுவேன்."

சாயங்காலம் சின்னவள் பால் பாக்கெட்டோடு ஆஸ்பத்திரி வாசலில் நின்றாள். பஸ் ஒன்று போயிற்று. இன்னொன்றும் போயிற்று. அப்புறம் உள்ளேயிருந்து வார்டு ஆயா ஓடிவந்தாள்.

முதலில் பார்த்தவர் மருந்துக் கிடங்குக்காரர். அக்கா மேசையில் தலை சாய்த்திருந்ததைக் கண்டு, பாவம், கொஞ்சம் கண்ணசரட்டும் என்று சத்தமில்லாமல் கதவைச் சாத்திவிட்டுப் போயிருக்கிறார். மறுபடி வந்து பார்த்தபோதும் சால்வைகூட நகரவில்லை. அதற்குப் பிறகுதான் மாடியிலிருந்து டாக்டர்கள் இறங்கி வந்தார்கள்.

சின்னவள் வேலைக்குத் திரும்பிய அன்று மேனேஜர் கவுன்டருக்கே வந்தார். கண்ணாடித் தடுப்பின் துளைக்கு நேராகக் குனிந்து நின்றார், நோயாளிகள் நிற்பது மாதிரி.

"மனசைத் தேத்திக்கம்மா. நல்லா வேலை தெரிஞ்சவங்க. அவங்க சொன்னதுதான் சரின்னு ஆகிப்போச்சு. ஆள் இல்லாம அப்கிரேடு முடியுமா? நிறுத்தியாச்சு. பழசுக்கே ஒரு வருஷம் சப்போர்ட் வாங்கிட்டோம்."

"மேல ஒத்துக்கிட்டாங்களா சார்?"

"ஒரு மெயில்தான் போட்டேன். அன்னிக்கே ஓகே சொல்லிட்டாங்க."

அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். சின்னவள் டோக்கன் தாள்களை அடுக்கினாள். அடுக்கியவற்றைக் கலைத்து மறுபடியும் அடுக்கினாள். அவர் நகர்ந்துவிட்டார்.

அவருக்குப் பின்னால் வரிசையில் ஒரு பெண் நின்றிருந்தாள். தலையில் பஞ்சுத் தூசி ஒட்டியிருந்தது. ஆலையிலிருந்து நேராக வந்திருக்க வேண்டும்.

"கர்ப்பப்பை ஆபரேஷனுக்குத் தேதி குடுத்திருக்காங்க. அதைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக் குடு கண்ணு."

"டாக்டர் தள்ளச் சொன்னாரா?"

"அவர் எங்க சொன்னாரு, உடனே பண்ணணும்னுதான் சொல்றாரு. ஆலையில லீவு தர மாட்டேங்கறான். போனா போனதுதான், திரும்ப வராதேங்கறான்."

சின்னவள் அவள் எண்ணைத் தட்டினாள். வட்டம் சுற்றவில்லை. கண்மூடித் திறப்பதற்குள் பக்கம் வந்து நின்றது. அதன் கீழ் ஓரத்தில் சின்ன எழுத்தில் வெர்ஷன் 11 என்றிருந்தது. தேதியை மாற்றினாள். காரணம் என்ற கட்டத்தில் வந்து விரல் நின்றது.

"என்ன கண்ணு, முடியாதா?"

"முடியும்மா."

கட்டத்தைத் தட்டினாள். பட்டியல் விரிந்தது. அதில் இரண்டு வரிகள் இருந்தன.