அவள் பின்னால் போன கிணறு

கிணறுவெட்டியின் மனைவி புகுந்த வீட்டைவிட்டு வெளியேறிய காலையில், கொல்லைக் கிணறும் அவளோடு கிளம்பிப் போனது. இன்று எங்கள் கல்மேட்டில் வசிக்கும் பாதிக் குடும்பங்களுக்கு அவள்தான் மூதாதை. அந்தக் கிணற்றைப் புருஷன் வெட்ட, அவள் மண் சுமந்தாள். பாதி ஆழத்தில் அவன் காய்ச்சல் கண்டு போய்ச் சேர்ந்தான். மீதியை அவளே இறங்கி வெட்டினாள். பாறை பிளந்து தண்ணீர் பீறிட்ட வாரத்தில் கொழுந்தன் வந்து, அண்ணனே போன பிறகு நிலத்தில் அவளுக்குப் பாத்தியதை இல்லை என்றான்.

"நிலம் உங்களோடதுதான். கிணறு நான் வெட்டினது."

"கிணறுங்கறது என்ன அண்ணி, ஒரு குழிதானே? தாராளமா எடுத்துட்டுப் போங்க, யாரு வேணாம்னா?" என்றான் அவன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

அவள் மகளை இடுப்பிலும் மண்வெட்டியைத் தோளிலும் வைத்துக்கொண்டு நடந்தாள். கிணறு கைப்பிடிச் சுவரும் கப்பியும் வாளியுமாகச் சற்றுத் தள்ளிப் பின்தொடர்ந்தது. ஒரு சொட்டுச் சிந்தவில்லை. கொழுந்தன் பதறிப்போய்க் கப்பிக்காலில் வடம் கட்டி மாடுகளைப் பூட்டினான். மாடுகள் தண்ணீரைக் குடித்துவிட்டுக் கிணற்றோடு சேர்ந்து நடக்க ஆரம்பித்தன. எல்லை தாண்டியதும் அவள் மாடுகளை மட்டும் அவிழ்த்துத் திருப்பி அனுப்பினாள். பழைய இடத்தில் பள்ளம்கூட இல்லை. புல் முளைத்துக் கிடந்தது.

யாரும் பங்கு கேட்டு வராத இடமாகப் பார்த்து, கல்மேட்டில் குடிசை போட்டாள். அதில் ஒரு சங்கடம் இருந்தது. அவள் விறகு பொறுக்கப் போனால் கிணறும் கூடவே போகும். திரும்புவதற்குள் வாய்க்கால் வறண்டு பயிர் துவண்டுவிடும். ஆகவே மேட்டைவிட்டு இறங்குவதில்லை என்று முடிவு செய்தாள். உப்பையும் விதையையும் வழிப்போக்கர்கள் கொண்டுவந்து கொடுத்துவிட்டுத் தண்ணீர் குடித்துப் போனார்கள்.

ஒரு கோடையில் அவள் தம்பி மூச்சிரைக்க ஓடிவந்தான்.

"அக்கா, அப்பா போயிட்டாரு. கிளம்பு."

அவள் கதிர் பிடிக்கத் தொடங்கியிருந்த சோளத்தைப் பார்த்தாள். "நான் எழுந்தா இது அத்தனையும் கருகிடும்டா. குழந்தைக்கு வேற சோறு கிடையாது."

"சோளத்துக்காகவா அப்பா முகத்தைப் பாக்க மாட்டேங்கற? உனக்கு என்ன நெஞ்சா, கல்லா?"

அவள் வாளியைக் கிணற்றில் இறக்கினாள். அவன் போன திசையைப் பார்த்தபடி இருட்டும்வரை இறைத்தாள். அதன்பின் தம்பி வரவே இல்லை. ஒரு தடவையாவது அவன் வாசலில் போய் நின்றுவிட வேண்டும் என்று, வருஷங்கள் கழித்து, மகளிடம் மட்டும் சொன்னாள்.

கீழே ஊரில் கிணறுகள் ஒவ்வொன்றாக வற்றின. முதலில் குடத்தோடு வந்தவர்கள் அப்புறம் பாயோடு வந்தார்கள். பிறகு கதவையும் நிலையையும் சுமந்து வந்தார்கள். எவரையும் அவள் தடுக்கவில்லை. கிணற்றைச் சுற்றி, சுவரோடு சுவர் ஒட்டிக் கட்ட வேண்டும் என்பது ஒன்றுதான் அவள் சொன்னது. காற்று வர வேண்டாமா என்று கேட்டவர்களிடம், "மேல இருந்து வரும்" என்றாள். கடைசியில் ஒரே ஒரு சந்து மிச்சமிருந்தது. கடைசியாக வந்தவன் கொழுந்தன். தலை நரைத்திருந்தது, அதன் மேல் கதவுநிலை இருந்தது.

"அண்ணி..." என்று இழுத்தான். "எங்க வைக்கட்டும்?"

"அந்தச் சந்துல வை. பின்சுவரைத் தடிமனாக் கட்டு."

"எனக்கு எதுக்கு அண்ணி அவ்வளவு தடிமன்?"

"உனக்கு இல்ல. எனக்கு."

சுவர் காய்ந்த மறுநாள் அவள் பின்கதவு வழியாக அவன் வீட்டுக்குள் புகுந்து வாசல் வழியாக வெளியேறி, தம்பியின் ஊரைப் பார்த்து நடந்தாள். ஊரே கூரைமேல் ஏறி நின்றது. கிணறு எழுந்தது, கொழுந்தன் வீட்டுப் பின்சுவரில் போய் இடித்தது, வலப்பக்கம் போய்ப் பார்த்தது, இடப்பக்கம் போய்ப் பார்த்தது, பிறகு தன் இடத்துக்கே திரும்பி உட்கார்ந்துகொண்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. தன் வாசலில் அவளைக் கண்டதும், "இப்பதான் வழி தெரிஞ்சுதா?" என்று கேட்டுவிட்டுத் தம்பி அழுதான். அறுவடைவரை அங்கே தங்கினாள்.

அவள் காலமாகி எவ்வளவோ காலமாயிற்று. அந்தப் பின்சுவரில் கிணறு இடித்த இடத்தில் ஈரம் இன்னும் காயவில்லை. கொழுந்தன் வழியில் வந்தவர்கள் வருஷா வருஷம் சுண்ணாம்பு அடிக்கிறார்கள். கட்டிலை மட்டும் அந்தப் பக்கம் போடுவதில்லை.